ஏழுகால் பூச்சி

எங்கள் வீட்டில் மேசைக்குச் சோடனை செய்வது வருஷத்துக்கு ஒரே ஒரு நாள். அன்றைக்கும் சோறு வரும் நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். ராத்திரியெல்லாம் விழித்து அலங்கரித்ததை மத்தியானம் பன்னிரண்டரைக்கு அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, வெறும் பலகையில் இலை விரித்துச் சாப்பிட்ட குடும்பம் உலகத்தில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. எங்களுக்கு அது விசித்திரமாகத் தோன்றியதே இல்லை.

ஊர் இடையன்குடி. திசையன்விளை பஸ்ஸில் வந்து இறங்கினால் பனையும் உடைமரமும் தேரிச் செம்மண்ணும்தான். வெள்ளைத் துணிக்கு இதைவிடப் பொருந்தாத ஊர் கிடையாது. கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் வேட்டிக் கரை முழுக்கக் காவி ஏறிவிடும். அந்தக் கிறிஸ்தவக் கோயில் மிஷனரி கால்டுவெல் கட்டியது. 1847இல் தொடங்கி 1880இல்தான் பிரதிஷ்டை, முப்பத்துமூன்று வருஷ வேலை. அவருடைய திராவிட மொழி ஒப்பிலக்கணப் புத்தகம் 1856இலேயே வந்துவிட்டது. “புஸ்தகம் எழுதுறது லேசு, கொத்தனார வேலை வாங்குறதுதான் கஷ்டம்” என்பார் பாட்டா.

தமிழ்நாட்டுக்குக் கால்டுவெல்லைத் தெரியும். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அவர் மனைவி எலைசா அம்மாதான் முக்கியம். எலைசாவின் தாயார் மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தவர். அடிமைகளாக இருந்த பெண்கள் பின்னிய காசைச் சேர்த்துத் தங்களையே விலைகொடுத்து மீட்டுக்கொண்டார்கள் என்பது அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்லப்படுகிற கதை. 1844இல் கல்யாணமாகி இடையன்குடிக்கு வந்த மகள் அந்த வேலையையும் கூடவே கொண்டுவந்தார். நூறு வருஷத்துக்குப் பிறகும் எங்கள் பாட்டி அதைத்தான் பின்னிக்கொண்டிருந்தாள்.

தார்சாவில் வடக்குப் பார்த்து உட்கார்வாள். மடியில் கல்லுப்போல் இறுக்கி அடைத்த திண்டு. அதன்மேல் துளையிட்ட அட்டை, துளைக்கு ஒரு குண்டூசி. நூல் சுற்றிய சின்னக் கட்டைகள் முப்பது நாற்பது தொங்கும். இரண்டு கைகளும் அவற்றை மாற்றி மாற்றிப் போடுகிற சத்தம், பல்லி இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். உட்காரும் முன்னால் சாம்பல் போட்டுக் கை கழுவுவாள். நாங்கள் ஓடி வந்தால், “ஏல, அங்கனயே நில்லு. உன் காலுல தேரியே இருக்கு” என்பாள். பின்னியதெல்லாம் கெஜக் கணக்கில் விலைக்குப் போகும். எங்கேயோ யார் வீட்டு மேசைக்கோ.

எங்கள் மேசை பூவரசம் பலகை. மற்ற நாளெல்லாம் அதன்மேல் பாட்டாவின் கணக்கு நோட்டு, அரிக்கேன் விளக்கு, உரச்சீட்டு, பனைமர உளுப்பு மாவு. சாப்பாடு எல்லோருக்கும் அடுக்களையில், தரையில். டிசம்பர் இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் அதைப் பட்டாசலுக்குத் தூக்கி வருவோம். கால் நான்கும் ஒரே உயரம் கிடையாது. அடியில் கொடுக்க ஓட்டுத்துண்டு ஒன்று பத்திரமாகவே இருந்தது.

பிறகு டிரங்குப் பெட்டி திறக்கும். பாச்சா உருண்டை வாசனையோடு மேசைவிரிப்பு வெளியே வரும். நடுவில் சாதாரண லாங்கிளாத். நாலு புறமும் நாலு விரல் அகலத்தில் பாட்டியின் லேஸ். சாணுக்கு ஒன்றாக ஒரு பூ மாதிரி இருக்கும். நடுவில் வட்டம், சுற்றிலும் எட்டு நூல் கால்கள். பாட்டி அதைப் பூ என்று சொல்லமாட்டாள், பூச்சி என்பாள். எட்டுக்கால் பூச்சி.

அதில் ஒரு பூச்சிக்கு மட்டும் ஏழு கால். எந்த வருஷமோ, எந்த யோசனையிலோ இரண்டு காலைச் சேர்த்து ஒன்றாக முறுக்கிவிட்டிருக்கிறாள். கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த ஒரு பிசகுக்காக முழு நீளத்தையும் தள்ளிவிட்டார்கள். நூலுக்கான காசையும் கூலியில் பிடித்துக்கொண்டார்களாம். வாழ்நாள் முழுக்கப் பின்னியவள் வீட்டில் அவள் பின்னிய லேஸ் இருந்ததென்றால் அது அந்தத் தள்ளுபடித் துண்டு மட்டும்தான். பிசகு தெரியாமலிருக்க, ஏழுகால் பூச்சி இருக்கிற பக்கம் எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் போடவேண்டும். மேசையே சுவரோடு ஒட்டிக்கிடக்கும். மூன்று பக்கம்தான் உட்காரலாம். நாங்கள் பிள்ளைகள் மேசைக்கடியில் தவழ்ந்துபோய் ஏழுகால் பூச்சியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வருவோம். எங்களுக்கு அதுதான் மற்றப் பூச்சிகளைவிடப் பிடிக்கும்.

விரிப்பு விழுந்த பிறகு ஆளாளுக்கு ஒரு வேலை. அத்தை கொல்லையிலிருந்து டிசம்பர் பூவும் குரோட்டன்ஸ் கொப்பும் ஒடித்து வந்து பித்தளை டம்ளரில் வைப்பாள். டிசம்பர் பூ காலையில் வாடிவிடும். ஆனாலும் அந்த மாதத்தில் கேட்காமல் பூக்கிற பூ அது ஒன்றுதான். சித்தப்பா குருத்தோலையில் கிளி செய்வார். குருத்தோலை ஞாயிற்றுக்குச் செய்கிற அதே கிளி, கிறிஸ்மஸுக்கும் வந்து உட்காரும். மெழுகுவத்திக்கு ஸ்டாண்டு கிடையாது. கண்ணாடித் தம்ளரில் தேரி மண்ணைச் சலித்துப் போட்டு நட்டுவைப்போம். விளக்கு வெளிச்சத்தில் அந்த மண் குங்குமம் மாதிரி தெரியும். ஊரே தூக்கிப்போடுகிற மண். அன்றைக்கு மட்டும் மேசைமேல் அதற்கு இடம்.

கொழும்பில் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பிய பெரிய தாத்தா ஒருவர் இருந்தார். மேசை விஷயத்தில் அவர் சொல்லே சட்டம். பெட்டியிலிருந்து நீலப் பூப்போட்ட பீங்கான் கோப்பைகளை ஆறு எடுத்துக் கவிழ்த்து வைப்பார். ஐந்துக்குத்தான் காது உண்டு. கைக்குட்டைகளை விசிறி மாதிரி மடித்துத் தம்ளர்களில் செருகுவார். இது எதற்கு என்று கேட்டால், “கொழும்புல பெரிய ஓட்டல்ல இப்பிடித்தான் வைப்பான்” என்பார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு வருஷம் ஜலதோஷத்தோடு வந்த திருநெல்வேலி மாமா ஒரு விசிறியை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டார். தாத்தா பொங்கல் வரைக்கும் அவரோடு பேசவில்லை.

விடியற்காலை ஆராதனைக்கு மணி அடிப்பதற்கு முன்பே எழுப்பிவிடுவார்கள். பனியில் நடுங்கிக்கொண்டு போய், வெளுக்கிற நேரத்தில் திரும்பி வந்தால் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். அதுவும் அடுக்களையில்தான். மேசைக்கு வேறு வேலை இருந்தது. பத்து மணியிலிருந்து ஊர்க்காரர்கள் வருவார்கள். எல்லா மதத்தாரும்தான். விரிப்பின்மேல் பனையோலைக் கொட்டான்களில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் இருக்கும். எடுத்துக்கொண்டு, மேசையை ஒருதரம் பார்த்து, “சோடன நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பெண்கள் மட்டும் குனிந்து லேஸ் ஓரத்தைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். பின்னுகிறவர்களுக்குத்தான் அடிப்பக்கம் பார்க்கத் தெரியும். பாட்டி அடுக்களை நிலையில் நின்று அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பன்னிரண்டரைக்குக் குருவானவர் வந்து ஜெபம் செய்வார். ஆமென் சொன்ன கையோடு பாட்டி குரல் வரும்.

“எடுங்க, எடுங்க. குழம்பு வருது.”

கிளி, விசிறி, கோப்பை, தம்ளர் எல்லாம் வரிசையாகக் கட்டிலுக்குப் போகும். விரிப்பைப் பாட்டியே எடுப்பாள், வேறு யாரும் தொடக்கூடாது. நாலாக மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு டிரங்குப் பெட்டிக்குப் போவாள். பலகையில் தண்ணீர் தெளித்து இலை போடுவோம். ஒரு தடவை அப்பா, “இந்த ஒரு வருஷம் அது மேலயே போட்டுச் சாப்பிட்டா என்னம்மா?” என்றார்.

“ரசம் ஓடுனா நீயா பின்னித் தருவ?” என்றாள்.

விரிப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. சென்னை வீட்டில் சாப்பாட்டு மேசை கண்ணாடி போட்டது. கூடத்துக்கு நடுவில் கிடக்கிறது, ஒட்டிவைக்கச் சுவர் இல்லை. போன கிறிஸ்மஸுக்கு விரித்தபோது எந்தப் பக்கத்தை எங்கே திருப்புவது என்று சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் ஏழுகால் பூச்சியை என் நாற்காலிப் பக்கம் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தால் முழங்காலில் படும்.

மகள் கடையில் வாங்கிய மெழுகுவத்திகளை அடுக்கினாள், பீங்கான் தட்டுகளை வைத்தாள், பேப்பர் நாப்கினைக்கூட அழகாக மடித்திருந்தாள். சிநேகிதர்கள் கை கழுவிவிட்டு வந்து நின்றார்கள். சமையலறையிலிருந்து பிரியாணிப் பாத்திரத்தை மனைவி தூக்கி வருவது தெரிந்ததும் நான் மெழுகுவத்திகளை எடுத்துக் கீழே வைக்க ஆரம்பித்தேன்.

“அப்பா! இப்பதானே விரிச்சோம்?” என்றாள் மகள்.

அதற்குள் ஒரு முனையை மடித்துவிட்டிருந்தேன்.