இரண்டரை மில்லிமீற்றர் எழுத்து

பிளாஸ்டிக் மாதிரிக் கார் கட்டுறவர்களுக்கு இலக்கத்தகடு கடைசி வேலை. உடலை ஒட்டி, பெயின்ட் அடிச்சு, கண்ணாடி வைச்சு, சில்லுப் பூட்டி எல்லாம் முடிந்த பிறகு, ஒரு சின்ன ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறப்போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஒட்டினால் சரி. பத்து நிமிஷ வேலை. எங்களுக்கு அது ஏழு மாதம் எடுத்தது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் என்றால் மூன்று பேர். இரண்டு பேர் திருகோணமலை நகரம், ஒருவர் கிண்ணியா. ஒரே வகுப்பில் படித்தவர்கள். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்த பிறகு, வெளிநாட்டிலிருந்த சொந்தக்காரர்கள் ஊருக்கு வரத் தொடங்கினார்கள். சொக்லேட், சென்ட் போத்தல், ஒருநாளும் எங்களுக்கு அளவில்லாத சப்பாத்து. அவற்றோடு ஒருக்கா ஒரு பெட்டியும் வந்தது. மூடியில் கார் படம். திறந்தால் கார் இல்லை. சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு இலக்கம், எந்தத் துண்டு எதோடு சேரும் என்று காட்டுகிற ஒரு தாள். நாங்கள் மூன்று பேரும் ஒரு விடுமுறை முழுக்க அதோடு கிடந்தோம். அதன்பிறகு இன்னும் இரண்டு பெட்டிகள் வந்தன. 2006இல் சண்டை திரும்பத் தொடங்கியதும் வருகிறவர்கள் நின்றுபோனார்கள். பெட்டிகளும் நின்றன. பிறகு ஓ.எல், ஏ.எல், வேலை தேடல். பசைக் குழாய் எங்கேயோ காய்ந்து கிடந்தது.

திரும்ப வந்தது 2022இல். அந்த வருஷத்தை இலங்கையில் இருந்தவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஜூலையில் கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. உண்மையான கார்களின் இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது. அது தனியாருக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. பெரும்பாலானவை பல பத்தாண்டுகளாக வெறும் இரும்பு. அவற்றைத் தாண்டிப் போய்த்தான் நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்றோம். அந்தக் காலத்தில் ஒருநாள் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது, பாதி கட்டிய பழைய கார் ஒன்று வெளியே வந்தது. மூன்று பேரும் அதைச் சுற்றி இருந்தோம். பகல் வெளிச்சம் இருக்கும்வரை வேலை செய்யலாம், கரண்ட் தேவையில்லை, பெற்றோலும் தேவையில்லை. அப்படித்தான் தொடங்கியது.

வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவே வேண்டாம். "இந்த வயசில என்ன சின்னப்பிள்ளை வேலை? ஐ.ஈ.எல்.ரி.எஸ் படிச்சாலாவது பிரயோசனம்." எங்கட வயதில் இங்கே ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. படிப்பென்றால் வீசாவுக்கு, வேலையென்றால் லீசிங்குக்கு. ஒன்றுக்கும் உதவாத ஒரு வேலையை வடிவாகச் செய்ய மூன்று பேர் சனிக்கிழமை கூடுகிறார்கள் என்றால் வீட்டாருக்கு அது விளங்காது. எங்களுக்கும் அப்போது பெரிதாக விளங்கவில்லை.

தொழில்நுட்பம் கொஞ்சம் சொல்கிறோம், தொடங்க நினைக்கிறவர்களுக்கு உதவும். இந்தத் துண்டுகள் பொலிஸ்ரைரீன் என்ற பிளாஸ்டிக். இதற்கான பசை சாதாரணப் பசை போலப் பிடித்து வைப்பதில்லை. இரண்டு பக்கத்து மேற்பரப்பையும் கரைக்கும். கரைந்த இரண்டும் ஒன்றாகி, கரைப்பான் ஆவியாகிப் போனதும் ஒரே துண்டாக இறுகிவிடும். அதனால் அவசரப்பட்டால் திருத்த முடியாது. முதலில் பசை இல்லாமல் பொருத்திப் பார்க்கவேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், அந்த மணம் உடம்புக்குக் கூடாது. துண்டுகளைச் சட்டத்திலிருந்து கையால் முறிக்காதீர்கள். நகம் வெட்டி போதும். வெட்டின இடத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்த்துவிடுங்கள்.

பெயின்ட்தான் திருகோணமலையில் சிக்கல். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஜன்னலைத் திறந்தால் காயாத பெயின்ட்டில் புழுதி வந்து குந்தும். மார்கழியில் வாடையும் மழையும். காற்றில் ஈரம் கூடினால் லாக்கர் பெயின்ட் காயும்போது வெள்ளையாகப் பூத்துவிடும். நல்ல காலம் என்றால் பங்குனி, சித்திரை. பெட்டியோடு வருகிற தாளில் இது ஒன்றும் இருக்காது. நாங்களே எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறோம்.

தாளில் இல்லாத விஷயங்கள் இன்னும் இருக்கின்றன என்று மோரிஸ் மைனர் வந்தபோதுதான் தெரிந்தது.

லண்டனிலிருந்து ஒரு மாமா பழைய பெட்டி ஒன்றை அனுப்பியிருந்தார். ஏர்பிக்ஸ், 1/32 அளவு. அந்த அளவில் கார் கிட்டத்தட்ட 12 சென்ரிமீற்றர். பெரிய ஆட்கள் யாரும் எங்கட மற்றக் கார்களைத் திரும்பிப் பார்த்ததில்லை. இதை மட்டும் எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் கார் உலகம் முழுக்க 16 லட்சத்துக்குக் கிட்ட விற்றது. இலங்கையில் அது இன்னும் ஓடுகிறது. கல்யாண ஊர்வலம், டிங்கரிங் கராஜ், தாத்தாமாரின் முற்றம், ஏதோ ஒரு இடத்தில் ஒன்று நிற்கும். எங்களில் ஒருவரின் அப்பப்பா டொக்யார்ட் வீதிப் பக்கம் வாடகைக்கு மோரிஸ் ஓட்டியவர். எங்கட சின்னக் காரைக் கையில் எடுத்து, முன்கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்தார். "கண்ணாடி ஒரே துண்டு. அப்ப இது அம்பத்தாறுக்குப் பிந்தினது" என்றார். சரிதான். அதற்கு முந்தியவற்றில் கண்ணாடிக்கு நடுவே ஒரு கம்பி இருக்கும்.

அவர் ஓட்டின கார் போலவே செய்வோம் என்று முடிவெடுத்தோம். நிறம் கேட்டோம், சொன்னார். எந்தப் பக்க மட்கார்ட் அமுங்கியிருந்தது என்றும் சொன்னார். உப்புக்காற்றில் கறள் எங்கே முதலில் பிடிக்கும் என்று பென்சிலால் கீறிக் காட்டினார். கடைசியாக இலக்கத்தகடு. பெட்டியில் வந்தது இங்கிலாந்து இலக்கம். அது வேண்டாம். "உங்கட காரில என்ன இருந்தது அப்பப்பா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "எந்த மாசம் என்டு சொல்லுங்கோ" என்றார்.

அதுவரை எங்களுக்கு அந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். அதே ஆவணியில் தமிழரசுக் கட்சியின் மாநாடு எங்கட ஊரில். 1957 ஜூலையில் பண்டா–செல்வா ஒப்பந்தம். அதே வருஷம் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். 1958 ஜனவரியில் வாகன இலக்கங்களில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழ்ப் பகுதிகளில் தமிழரசுக் கட்சி எதிர்ப்பு நடத்தியது. அந்த எழுத்தின்மேல் தார் பூசினார்கள், தமிழ் ஸ்ரீ எழுதி ஓட்டினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் விழுந்தது. ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் கலவரம்.

புத்தகத்தில் இது ஒரு பந்தி. அப்பப்பாவுக்கு இது ஒரு தகடு. "எழுதினவன் எங்கட பெயின்டர்தான். அவனுக்கு அந்த எழுத்துத் தெரியாது. பஸ்ஸில இருந்ததைப் பார்த்துக் கீறினான், வால் பிழைச்சுப் போச்சு. பிறகு பெடியள் வந்து தார் பூசினாங்கள். நான் மறிக்கேல்ல. ஆனா கந்தளாய் தாண்டி ஹயர் போகேக்க மண்ணெண்ணெயால துடைச்சுப்போட்டுத்தான் போறது. வந்தா திரும்பப் பூசுவாங்கள்."

இப்போது எங்களுக்குள் சண்டை. ஒருவர் சொன்னார்: 1957ஆம் ஆண்டுக் கார் என்று வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்துப் போடுவோம், பிரச்சினை இல்லை. இன்னொருவர்: ஏன் பயப்படவேண்டும், தமிழ் ஸ்ரீ போடுவோம். மூன்றாமவர்: அப்பப்பாவின் காரில் தமிழ் ஸ்ரீ இருக்கவில்லையே, இல்லாததைப் போட்டால் அது அவருடைய கார் இல்லையே. ஏழு மாதம் கார் தகடு இல்லாமல் நின்றது. நடுவில் வேறு இரண்டு கார்களைக் கட்டி முடித்தோம்.

இதை அவிழ்த்துவிட்டது ஒரு பெயின்ட் கடையில் வேலை செய்கிற சிங்களப் பெடியன். எங்களைவிட இளையவன், மல்லி என்றுதான் கூப்பிடுவோம். சிங்கள ஸ்ரீயை வடிவாக எழுதித் தரச் சொன்னோம். பில் தாளின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதித் தந்தான். எங்களுக்குத் தேவை இரண்டரை மில்லிமீற்றர் உயரம் என்றதும் சிரித்தான். பிறகு எதற்கு என்று கேட்டான். சொன்னோம், தெற்கில் நடந்ததையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது எங்களுக்குப் பள்ளியில சொல்லித் தரேல்ல" என்றான். எங்களுக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. ஒரு பிளாஸ்டிக் காருக்குத் தகடு எழுதப் போய்த்தான் நான்கு பேரும் இதைக் கதைத்தோம்.

போன பங்குனியில் தகட்டை முடித்தோம். ஒன்று, பிறகு சிங்கள ஸ்ரீ, பிறகு நான்கு இலக்கம். எழுத்தின் வால் கொஞ்சம் பிழை, பெயின்டர் கீறினதுபோல. அதற்குமேல் மெல்லிதாக மட் கறுப்பு, மண்ணெண்ணெயால் துடைத்துத் துடைத்து மிஞ்சின தார் எப்படி இருக்குமோ அப்படி. கிட்டப் பார்த்தால் கீழே எழுத்துத் தெரியும். அப்பப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பின்தகட்டில தார் இன்னும் கூட" என்றார். திருத்தினோம்.

இந்தப் பொழுதுபோக்கு எதற்கு உதவும் என்று கேட்கிறவர்களுக்கு எங்களிடம் இன்னும் நல்ல பதில் இல்லை. சி.வியில் போட முடியாது. ஆனால் பெட்டியில் வருகிற கார் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். நிறம், கறள், அமுங்கின மட்கார்ட், தகடு, இதெல்லாம் யாரிடமாவது போய்க் கேட்டால்தான் கிடைக்கும். கேட்கக்கூடிய ஆட்களுக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயது. உங்கட வீட்டில் முதல் வந்த வாகனம் எது, அதன் இலக்கம் என்ன என்று ஒருக்கா கேட்டுப் பாருங்கள். கார் கட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுதி வையுங்கள்.

அடுத்து ஒரு ஒஸ்ரின் கட்ட ஆசை. கிட் இன்னும் கிடைக்கவில்லை. கச்சான் வேறு தொடங்கிவிட்டது.