மாளிகைகள் யாருக்குச் சொந்தம்?

அடக்கி ஆண்டவன் எழுப்பிய மாளிகையை விடுதலை பெற்ற மக்கள் ஏன் பேணவேண்டும்? நம் மாணவர் பலமுறை எழுப்பிய வினா இது. இதற்கு விடை காண விழைவோர் அயர்லாந்தை நோக்குதல் நன்று.

1714 முதல் 1830 வரை ஆண்ட ஜோர்ஜ் மன்னர்களின் பெயரால் வழங்கும் கட்டடக்கலை, அந்நாட்டின் நகரங்களிலும் நாட்டுப்புறங்களிலும் வேரூன்றியது. அளவு பிசகாத சாளர வரிசையும், கதவின்மேல் விசிறிபோல் விரிந்த கண்ணாடியும் அதன் அடையாளங்கள். கில்டேர் மாவட்டத்தில் 1722இல் தொடங்கப்பெற்ற காஸில்டவுன் மாளிகை அதன் சிறப்புக்குச் சான்று. ஆனால், இத்தகைய மாளிகைகளின் செல்வம் குத்தகைக் குடியானவரின் வியர்வையிலிருந்தே பிறந்தது. 1919க்கும் 1923க்கும் இடையில் 200க்கு மேற்பட்ட மாளிகைகள் தீக்கிரையாயின. போரின் தேவையோடு, நிலமின்றி வாடியவரின் சினமும் அத்தீயிற் கலந்திருந்தது. அச்சினத்தைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை.

எனினும், டப்ளின் நகரின் ஹென்றியெற்றா வீதியில், 14ஆம் இலக்க வீட்டினுள் நாம் கால்வைத்தபோது வினாவின் மற்றொரு பக்கம் புலனாயிற்று. 1740களின் இறுதியிற் பிரபுக்களுக்கென எழுந்த வீடு அது. 1801இல் அயர்லாந்தின் பாராளுமன்றம் இலண்டன் பாராளுமன்றத்தோடு இணைக்கப்பட்டபின் பிரபுக்கள் படிப்படியாக நகரை விட்டு அகன்றனர். 1870களில், வாடகைப் பணத்தை நாடிய உரிமையாளர் அதன் பெரிய மாடிப்படியையே அகற்றி, வீட்டைப் பல குடியிருப்புகளாகத் தடுத்தார். 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 100 பேர்! விருந்து நடந்த கூடங்களிலே ஏழைகள் சமைத்தனர், உறங்கினர், பிள்ளைகளை வளர்த்தனர். 2018இல் அரும்பொருளகமாகத் திறக்கப்பட்ட அவ்வீடு, பிரபுக்களின் கதையோடு இவர்களின் கதையையும் கூறுகின்றது. ஏழைகள் பூசிய சிவப்பும் நீலமும் நடைச் சுவரில் இன்றும் உள்ளன. அச்சுவரின் முன் நெடுநேரம் நின்றோம்.

1960களில் அதே நகரின் பிற்ஸ்வில்லியம் வீதியில் 16 வீடுகளை அரச மின்சார சபை இடித்தது. அந்நியன் விட்டுச்சென்ற எச்சங்கள்தாமே என அன்று கருதியோர் இருந்தனர். ஆயின், கல்லைச் செதுக்கியவரும் செங்கல்லை அடுக்கியவரும் பெரும்பாலும் அம்மண்ணின் தொழிலாளரே. இடிபட்டது அவர்களின் கைத்திறனுமன்றோ?

மாளிகைகளைக் காப்போம். பிரபுவின் பெயரை மட்டும் வாயிலிற் பொறித்துவிட்டு, உழைத்தவரையும் ஒடுங்கி வாழ்ந்தவரையும் மறப்போமாயின், நாம் காத்தது வெறுஞ் சுவரே. பழங்கட்டடம் எதன் முன் நின்றாலும் இதைக் கட்டியவர் யார், இதில் வாழ்ந்தவர் யார் என்று கேட்க நம் மாணவர் பழகவேண்டும்.