எழுதாத தேர்வு

2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் பிற்பகுதி. காட்டுமன்னார்கோயில் பேருந்து நிலையத்தில் இறங்கிப் பள்ளியை நோக்கி நடந்த மாணவர் சிலர், வாயிலை அடைந்ததும் ஒரு கணம் தயங்கி நின்றனர். சீருடையில் செல்வதா, வேறு உடையில் செல்வதா என்பதே முதல் நாள் இரவு அவர்களுக்குள் எழுந்த பெரிய ஐயம். சிலர் சீருடையில் வந்திருந்தனர். சிலர் பொங்கலுக்கு எடுத்த சட்டையில் வந்திருந்தனர். தாங்கள் இன்னும் மாணவரா, முன்னாள் மாணவரா என்பது அவர்களுக்கே தெளிவாகவில்லை.

பொதுத்தேர்வு எழுதாமலே பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்கள் அவர்கள். பெருந்தொற்றின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நாள்களை அடுத்து, ஜூன் 5 அன்று தேர்வை நீக்கி அரசு அறிவித்தது. ஜூலை 19 அன்று முடிவுகள் வந்தன. மாநிலம் முழுவதும் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர், அனைவரும் தேர்ச்சி. உயிரா தேர்வா என்னும் நிலையில் எடுக்கப்பட்ட அம்முடிவு தவறன்று. ஆயினும், ஊர்த் தேநீர்க் கடைகளில் ‘எழுதாமலே தேறிய பிள்ளைகள்’ என்று சிலர் நகைத்தபோது, அந்நகைப்பு எங்கே போய்த் தைத்தது என்பதைப் பிள்ளைகளே அறிவர்.

சான்றிதழ்கள் வழங்கும் வரிசை மெல்ல நகர்ந்தது. காத்திருந்தவர்கள் வேப்பமரத்தடியில் இடைவெளிவிட்டு அமர்ந்து, கடந்த காலத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினர். ஆளுக்கொரு துண்டாக நினைவு வெளிவந்தது. சிதறிக் கிடந்த ஆழ்வார் பாசுரங்களைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் இது. தொலைந்ததைத் தேடி எடுத்துக் கோப்பது இவ்வூருக்குப் புதிதன்று.

முதலில் நினைவுக்கு வந்தது மிதிவண்டி. பதினொன்றாம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில், வடவாற்றங்கரையோரமும் வீராணம் ஏரிக்கரை மீதும் கூட்டமாக வந்த காலைப் பொழுதுகள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பெற்ற அவ்வேரியைப் பொன்னியின் செல்வன் தொடக்கத்தில் வந்தியத்தேவன் குதிரையில் அமர்ந்து வியந்து நோக்குவான். இவர்களோ நாள்தோறும் இருமுறை ஏரியைக் கடந்தும் வியந்ததில்லை. எதிர்க்காற்று வீசும் கரை, மழைக்காலத்தில் சேறாகும் கரை என்ற அளவிலேதான் அது அவர்களுக்குத் தெரியும். கொள்ளிடக் கரையூர்களிலிருந்து வருவோர் பேருந்தைத் தவறவிட்டுத் தாமதமாக வந்தது, லால்பேட்டை நண்பர்கள் நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் கொண்டுவந்த பிரியாணியில் எலும்பு மட்டுமே மிஞ்சியது, மரப்பலகையில் காம்பசு முனையால் பெயர் செதுக்கி அகப்பட்டது என, கதைகள் நீண்டன.

பின்னர் பேச்சு 2020 மார்ச்சுக்கு வந்தது, குரல்கள் தாழ்ந்தன. பதினொன்றாம் வகுப்பின் பொதுத்தேர்வில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு நாள். வேதியியல், கணக்குப்பதிவியல், புவியியல் ஆகிய பாடங்களுக்குரிய மார்ச் 26ஆம் நாள் தேர்வு, ஊரடங்கால் தள்ளிவைக்கப்பட்டது. ஜூனில் முற்றிலும் நீக்கப்பட்டது. அதன்பின் பள்ளி கைக்குள் சுருங்கியது. கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன. ஆனால் வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் தந்தையுடன் வயலுக்குப் போய்விடும். அலைவரிசை தேடிச் சிலர் மாடியிலும், மாடி இல்லாதோர் களத்துமேட்டிலும் நின்று பாடம் கேட்டனர். சிலர் கேட்கவே இல்லை. கொத்தனாருக்குக் கையாளாகவும், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் கூலியாகவும் அவர்களின் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியது.

அவ்வாண்டு நவம்பர் இறுதியில் நிவர் புயல். அதன் ஈரம் காய்வதற்குள், டிசம்பர் தொடக்கத்தில் புரெவி. மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்ற தாழ்வு மண்டலம் கடலூர் மாவட்டத்தின் மீது நாள்கணக்கில் மழையைக் கொட்டியது. சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள்ளேயே நீர் தேங்கிற்று. வயல்கள் ஏரிகளாயின. தாழ்வான தெருக்களில் வாழ்ந்தோர் அரிசி மூட்டையை முதலில் உயரத்தில் ஏற்றினர்; புத்தகப்பை நினைவுக்கு வந்தபோது அது நனைந்திருந்தது. இயற்பியல் இரண்டாம் தொகுதியைப் பக்கம் பக்கமாகப் பிரித்து அடுப்பங்கரையில் உலர்த்தியதை ஒருவன் சொன்னான். உலர்ந்த பின்னர் அந்நூல் இரு மடங்கு தடித்துவிட்டதாம். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தனர்.

2021 ஜனவரி 19 அன்று பள்ளி மீண்டும் திறந்தது. அறைக்கு இருபத்தைந்து பேர், முகக்கவசம், சத்து மாத்திரை. பத்து மாதங்களுக்குப் பின் கண்டவர்கள் ஒருவரையொருவர் கண்களால் மட்டுமே அடையாளம் கண்டனர். கண்டும் அருகில் அமர இயலவில்லை. அந்த மூன்று மாதங்களே அவர்களுடைய பன்னிரண்டாம் வகுப்பு. அதில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் ஆசிரியர்கள் திணித்தனர் என்பது உண்மை. மாணவர்கள் அதைச் சுமையாகக் கருதவில்லை என்பதும் உண்மை. பள்ளி விடுமுறையாகாதா என ஏங்கும் பருவத்தில், விடுமுறை போதும் என்று சொன்ன வகுப்பு அதுவாகத்தான் இருக்கும்.

ஏப்ரலில் அறிவியல் பிரிவினர்க்குச் செய்முறைத் தேர்வு நடந்தது. சோதனைக் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, “எக்ஸாம்ல பாக்கலாம்டா” என்று சொல்லிப் பிரிந்தனர். மாலை மணி வழக்கம்போல் ஒலித்தது. அதுதான் கடைசி மணி என எவரும் அறிந்திலர். அறிந்திருந்தால் சற்று நேரம் நின்றிருப்பார்கள். குழுப்படம் இல்லை, பிரிவுபசார விழா இல்லை, நினைவேட்டில் கையொப்பம் இல்லை. வணிகப் பிரிவு மாணவர்களுக்கோ அந்தக் கடைசி நாள் எதுவென்பதுகூட நினைவில்லை. அது செவ்வாயா வியாழனா என வேப்பமரத்தடியில் ஒரு வழக்கே நடந்தது, தீர்ப்பு கிட்டவில்லை.

வரிசையில் தன் முறை வந்ததும் சான்றிதழைப் பெற்ற மாணவி ஒருத்தி, அதைப் படித்துவிட்டு எவருடனும் பேசாமல் படிக்கட்டில் அமர்ந்தாள். மதிப்பெண் கணக்கிட்ட முறை அனைவருக்கும் தெரிந்ததே. பத்தாம் வகுப்பில் மிகுதியாகப் பெற்ற மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து நூற்றுக்கு ஐம்பது. பதினொன்றாம் வகுப்பிலிருந்து இருபது. பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீடு ஆகியவற்றிலிருந்து முப்பது. பாதி மதிப்பெண் 2019ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. அந்த 2019 மார்ச்சில் அவளுடைய தாய் மருத்துவமனையில் இருந்தார். தம்பிக்குச் சோறு வடித்து வைத்துவிட்டுத் தேர்வுக்கு ஓடியவள் தேறியதே பெரிது. பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பற்றும் வரவும் இறுதியில் சமமாகும் அந்த ஒழுங்கில் அவள் மனம் ஒன்றியது. வகுப்பில் முதல் மதிப்பெண் அவளுடையதே. அவள் நன்கு ஆயத்தமாகியிருந்த அந்தத் தாளே 2020இல் நீக்கப்பட்டது. பன்னிரண்டில் எழுந்துவிடலாம் என்றிருந்தாள், அதுவும் நீக்கப்பட்டது. இப்போது கையிலிருந்த தாள், பதினைந்து வயதில் அவள் பட்ட இடர்களின் கணக்கை மட்டுமே காட்டியது.

மதிப்பெண்ணில் நிறைவு அடையாதோர் ஆகஸ்டில் தனியே தேர்வெழுதலாம் என அரசு வாய்ப்பளித்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. அத்தேர்வில் பெறும் மதிப்பெண்ணே இறுதியானது. கூடினாலும் அதுதான், குறைந்தாலும் அதுதான். கையிலிருக்கும் தேர்ச்சியை வைத்துவிட்டு ஆடும் ஆட்டம்.

அவளைக் கண்ட கணக்குப்பதிவியல் ஆசிரியை அருகில் வந்தார்.

“என்னம்மா, காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டியா?”

“டீச்சர், நான் எழுதலாம்னு இருக்கேன்.”

ஆசிரியை சிறிது நேரம் பேசவில்லை. “கொறஞ்சா அதுதான் நிக்கும். வீட்ல கேட்டியா?”

“அம்மாவுக்குப் புரியல. பாஸ் ஆயிட்டியே, அப்புறம் ஏண்டி எழுதறேன்னு கேக்கறாங்க.”

அத்தாயின் கேள்வியில் பிழையில்லை. நடவுக்கூலியில் வாழும் குடும்பத்திற்குத் தேர்ச்சி என்பதே ஒரு சொத்து. அதை மீண்டும் பணயம் வைப்பது அறிவுடைமையாகாது. ஆசிரியையும் அதையே சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. “கூட்டாண்மைக் கணக்கு நாலு பாடமும் திரும்பப் போடு. சந்தேகம்னா எப்ப வேணா கூப்பிடு” என்று மட்டும் கூறிவிட்டு அலுவலகத்திற்குள் சென்றார்.

வேப்பமரத்தடி கலைந்தது. சிலர் சிதம்பரத்திற்கும் சிலர் சேத்தியாத்தோப்பிற்கும் பேருந்து ஏறினர். மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்த காவிரி நீர், கீழணையைக் கடந்து வடவாற்றின் வழியே வீராணத்திற்கு வந்துகொண்டிருந்த காலம் அது. மீண்டும் எல்லோரும் கூடிப் படமெடுத்துக்கொள்வது என முடிவாயிற்று. நாள் மட்டும் குறிக்கப்படவில்லை.

ஆகஸ்டில் அவள் தேர்வு மையத்திற்குச் சென்றாள். வழக்கமான தேர்வுக் காலமாயின் வாயிலில் பெற்றோர் கூட்டமும், கடைசி நேரத்தில் நூலைப் புரட்டும் பரபரப்பும் இருந்திருக்கும். அன்று எதுவுமில்லை. அறையில் வரிசை வரிசையாகப் பலகைகள். எழுத வந்தவர் மிகச் சிலர். அவள் வகுப்பிலிருந்து வேறெவரும் வரவில்லை. மணி ஒலித்தது. அவள் பதிவெண்ணை எழுதினாள். பின்னர் அளவுகோலை எடுத்து, முதல் வினாவின் பேரேட்டுக்குக் கோடுகள் இழுக்கத் தொடங்கினாள்.