கம்பி உள்ள வீடு

சுண்ணாம்புக் காரை வீட்டைப் பழுது பார்ப்பது பெரிய வித்தை அல்ல. ஏரல், கொற்கை வட்டாரத்துப் பழைய வீட்டில் சுவர் பொரிந்தால், உதிர்ந்த இடத்தைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினால் போதும். உள்ளே துருப்பிடிக்கக் கம்பி கிடையாது. சென்ற நூற்றாண்டின் நடுவில் எழுந்த கான்கிரீட் கட்டடங்களின் சங்கடமே அந்தக் கம்பிதான். கடற்காற்றின் உப்பு மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துரு பல மடங்கு பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. அதன்மேல் சிமென்டைப் பூசி வெள்ளையடிப்பது வைத்தியம் அல்ல, வெறும் ஒப்பனை.

துரு விட்டுவைத்தாலும் சட்டம் விடுவதில்லை. டெல்லி பிரகதி மைதானத்தில் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் 1972இல் எழுப்பிய 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' கண்காட்சிக் கூடம் 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. பாரம்பரியச் சின்னமாகக் கருத அதற்கு அறுபது வயது நிறையவில்லையாம். மனிதரை வீட்டுக்கு அனுப்பும் வயதில்தான் கட்டடத்தை ஏறிட்டுப் பார்க்கிறது அந்த விதி.

ஆனால் கம்பி உள்ள ஒரு கான்கிரீட் வீடு புதுச்சேரியில் கடலுக்கு நடை தூரத்தில் இன்னும் நிற்கிறது: கோல்கொண்டா, அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி. டோக்கியோவில் தொழில் செய்த கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வரைந்தார். பின்னாளில் மரச்சாமான்களால் புகழ்பெற்ற ஜார்ஜ் நகஷிமா உடனிருந்து கட்டினார். ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி மூலம் வந்த நன்கொடைதான் பெயருக்குக் காரணம். 1937இல் தொடங்கிய வேலை நாற்பதுகள் வரை இழுத்தது.

அவசரமில்லாத அந்த வேலையின் நயம் இன்றும் தெரிகிறது. தெற்கும் வடக்கும் பார்த்த நீள முகப்புகளில் சுவருக்குப் பதில், திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். வெயிலை மறித்துக் காற்றை விடலாம். கூரைத் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள். இரண்டுக்கும் நடுவே காற்று ஓடுகிறது. அறைக் கதவுகள் இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்களால் ஆனவை. கைப்பிடிகள் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தவை. வெளியே பூச்சே இல்லாத கான்கிரீட். உள்ளே கிளிஞ்சல் சுண்ணாம்பை மெருகிட்ட வெண்சுவர்! நவீனம் நவீனம் என்று வந்தவர்கள் கடைசியில் கடற்கரைக் கொத்தனாரின் கைவேலையைத்தான் நம்பினார்கள்.

இங்கே பாதுகாப்பு என்பது அன்றாட வீட்டுவேலை. ஆசிரமத்தார் தினமும் துடைக்கிறார்கள், பலகைகளைத் திருப்பிப் பார்க்கிறார்கள். குளிர்சாதனம் வைக்கச் சுவரைத் துளைக்கவில்லை. சும்மா சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அனுமதி எளிதில் கிடைப்பதில்லை. கெடுபிடிதான், ஆனால் நல்ல கெடுபிடி.