விளி வேற்றுமை

கடப்பாக்கத்துக் கடலோரத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன. 1750-இல் பிரெஞ்சியர் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை அது. அதன்மேல் ஏறி விளையாடிய நாங்கள், அங்கு வந்திறங்கிய அயல்நாட்டார் நம் முன்னோரிடம் எந்த மொழியில் தண்ணீர் கேட்டிருப்பர் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. ரஷ்ய மொழி பயில மாஸ்கோ சென்ற பின்னரே அக்கேள்வி எங்களுள் எழுந்தது.

ஒரே தெருவில் வளர்ந்த நண்பர் நாங்கள் இருவரும். ரஷ்ய மொழியின் முப்பத்து மூன்று எழுத்துகளையும் சென்னையிலேயே கற்று, ஓரளவு துணிவோடுதான் புறப்பட்டோம். அத்துணிவு விடுதி வாயிலிலேயே கரைந்தது. தமிழில் 'வந்தோம்' என்றால் போதும். ரஷ்ய மொழியிலோ நடந்து வருவதற்கு ஒரு வினை, ஊர்தியில் வருவதற்கு வேறொரு வினை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று வாயிற்காவலில் இருந்த மூதாட்டி வினவ, "இந்தியாவிலிருந்து நடந்து வந்தோம்" என்றோம். அவர் குனிந்து எங்கள் காலணிகளைப் பார்த்தார். பின்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தவர், சரியான சொல்லை மும்முறை சொல்லித் தந்து, சூடான தேநீரும் தந்தார்.

குளிர் பழகிற்று. முதற்பனி தரையை மூடிய காலையில் எங்களுக்கு மரக்காணத்து உப்பளங்களே நினைவுக்கு வந்தன. கறுப்பு ரொட்டியும் பீட்ரூட் சூப்பும் பழகின. டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கே கவியும் இருளும் பழகிற்று. பழகாதது ஒன்றே: ஊமையாய் இருத்தல். ஊரில் வாயாடிகள் எனப் பெயரெடுத்த நாங்கள், கடைகளில் விரலால் சுட்டிப் பொருள் வாங்கினோம். அறிவு இருபது வயதுக்குரியது. நாவோ மூன்று வயதுக்குரியது.

அந்நாள்களில்தான் இலக்கணம் எங்களுக்கு ஆறுதலாயிற்று. தமிழில் வேற்றுமை எட்டு. எட்டாவதான விளிக்கெனத் தொல்காப்பியர் தனி இயலே வகுத்தார். இன்றைய ரஷ்ய மொழியில் வேற்றுமை ஆறே. பழைய விளி வேற்றுமை பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆயினும் அது முற்றிலும் மாயவில்லை. 'போஷே', 'கோஸ்பதி', 'ஓச்சே' - கடவுளே, ஆண்டவரே, தந்தையே - என்னும் சொற்களில் இன்றும் வாழ்கிறது. மொழியின் பழைய உருவத்தைச் செபம் காத்து வைத்திருக்கிறது!

1938-இல் மூடப்பட்டு, 1999-இல் மீண்டும் அர்ச்சிக்கப்பட்ட அமலோற்பவ அன்னை பேராலயத்தில் ஞாயிறுதோறும் திருப்பலி கண்டோம். ரஷ்ய மொழியில் ஞாயிற்றுக்கிழமையின் பெயரே 'உயிர்த்தெழுதல்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. அங்கு ஆண்டவர் கற்பித்த செபத்தை எல்லாரோடும் சேர்ந்து சொன்னபோது, நாங்கள் பிழையின்றிப் பேசிய முதல் பேச்சு அதுவே என உணர்ந்தோம். அது 'ஓச்சே' என்னும் விளியோடு தொடங்குகிறது. அழைக்க ஒருவர் இருக்கையில் எவரும் அநாதையல்லர். அன்று மாலை விடுதிக்குத் திரும்பியபோது, அம்மூதாட்டி எங்களை 'சினோக்' என்று அழைத்தார். 'மகனே' என்பது அதன் பொருள்.

ஊர் திரும்பிய பின் ஒருநாள், கிழக்குக் கடற்கரைச் சாலையோரத் தேநீர்க் கடையில் நின்றிருந்தோம். கட்டட வேலைக்கு வந்திருந்த வடநாட்டு இளைஞர் ஒருவர், "ஒரு டீ வா" என்றார். கடையே சிரித்தது. "ஏய், இந்திக்காரா" என்று ஒருவர் விளித்தார். முன்பெல்லாம் நாங்களும் சேர்ந்து சிரித்தவர்களே. அன்று சிரிப்பு வரவில்லை.

எகிப்தில் அந்நியராய் இருந்ததை மறவாதீர் என்று இஸ்ரயேலருக்கு ஆண்டவர் கட்டளையிட்டார். வாக்கான இறைமகனும் நாசரேத்தில் அன்னையின் மடியிலிருந்து மழலை பேசியே மொழி கற்றார். ஒருவருடைய மழலையை எள்ளும்போது நாம் யாரை எள்ளுகிறோம்?

"தம்பி, 'கொடுங்க' என்று கேட்க வேண்டும்" என்றோம். அவர் மும்முறை சொல்லிப் பார்த்தார். பின்னர் அவரது பெயரைக் கேட்டோம். எங்கள் ஊருக்கு வந்து எட்டு மாதங்களாகியும் எவரும் அதைக் கேட்டதில்லை என்றார்.