தில்லைநகரில் ஐம்பது நிமிடம்

திங்கள்

ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை புரண்டுகொண்டிருப்பதுதான். அப்பா போன பிறகு தொடங்கியது. குடும்ப டாக்டர் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 எல்லாம் பார்த்துவிட்டு, “ரத்தத்துல ஒண்ணுமில்லம்மா, ஒரு கவுன்சலரைப் பாருங்க” என்றார்.

யாரைப் பார்ப்பது? விசாரித்ததில் தெரிந்தது: மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார். சோதனைகள் செய்வார், பேசி சிகிச்சை தருவார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் தப்பில்லை. கவுன்சலர் என்று பலகை மாட்டியவர்கள் எல்லாரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் இல்லை.

தில்லைநகரில் ஒருவருக்கு ஃபோன் செய்தேன். பதிவு எண் சொன்னார். கட்டணம் 1,200 ரூபாய், நேரம் 50 நிமிடம். வர முடியாவிட்டால் 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும், இல்லையென்றால் முழுப் பணம். “தமிழ்லயே பேசலாமா மேடம்?” “தாராளமா.”

வியாழன்

மாடிப்படி ஏறும்போதே பயம், என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மா யாராவது உட்கார்ந்திருந்தால்? யாரும் இல்லை. ஒருவர் போனபின் சற்று இடைவெளி விட்டுத்தான் அடுத்தவரை வரச்சொல்கிறார்களாம்.

இரண்டு நாற்காலிகளும் நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்துப் போடப்பட்டிருந்தன. கடிகாரம் எனக்குப் பின்சுவரில். நேரம் பார்ப்பது அவர் வேலை.

முதலில் ஒப்புதல் படிவம். பேசுவது வெளியே போகாது; 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் ரகசியம் காப்பதை நோயாளியின் உரிமையாகச் சொல்கிறது என்றார். விதிவிலக்குகளையும் அப்போதே சொன்னார்: என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், குழந்தையிடம் பாலியல் அத்துமீறல் என்று தெரிந்தால், நீதிமன்றம் கேட்டால். முன்கூட்டியே சொன்னது நல்லதாகப் பட்டது.

பிறகு பி.எச்.க்யூ-9 என்ற தாள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. கடைசிக் கேள்வி சாகலாம் என்று தோன்றுகிறதா என்பது. பூஜ்யம் போட்டிருந்தேன். ஆனாலும் அதை வாய்விட்டும் கேட்டார், தயங்காமல். மொத்தம் 14, நடுத்தர அளவு. நோய்ப்பெயர் இதில் வந்துவிடாது, எங்கே நிற்கிறோம் என்று பார்க்கத்தான் என்றார்.

மீதி நேரம் குடும்பம், வேலை, சாப்பாடு, பழைய நோய்கள் என்று விவரம் கேட்டே போயிற்று. அழவே இல்லை. ஏதோ குறைந்த மாதிரி வெளியே வந்தேன்.

அடுத்த வியாழன்

புத்திமதி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அத்தை “சமயபுரம் போயிட்டு வா” என்கிறாள், சின்னம்மா “வேலையை மாத்திக்கோ” என்கிறாள். இவர் எதுவும் சொல்லாமல் வீட்டுப்பாடம் கொடுத்தார்: தூக்கப் பதிவேடு. படுத்தது, உறங்கியது, விழித்தது, எழுந்தது, குடித்த காபி. இருபது நிமிடம் போல் ஆகியும் தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார வேண்டும். கட்டில் கவலைப்படும் இடமாகிவிடக் கூடாது. டீச்சருக்கே வீட்டுப்பாடம்!

அதற்கடுத்த வாரம்

அப்பாவுக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டது நான் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இதை எடுத்தால், “நீ செஞ்சதுதான் சரி” என்று வாயை அடைப்பார்கள், இல்லையென்றால் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மேடம் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. “கையெழுத்துப் போடறப்ப பக்கத்துல யார் இருந்தாங்க?”

யாரும் இல்லை. அண்ணன் ஃபோனில் இருந்தான்.

அன்றிரவு தலை கனத்தது, மறுநாள் பள்ளியில் எரிச்சல். சில அமர்வுகளுக்குப் பிறகு இப்படி இருக்கும் என்று முன்பே எச்சரித்திருந்தார்.

அத்தைக்கு என்மேல் இருக்கிற பிரியம் இவருக்கு இல்லை. அப்பாவையும் தெரியாது, அண்ணனையும் தெரியாது. காசு வாங்குகிறார், நேரம் முடிந்ததும் எழுந்துவிடுகிறார். இந்தக் கறார்தான் என்னைப் பேச வைத்தது.

மாதக் கடைசி

மேடம் சொல்லிக்கொடுத்த மூச்சுப்பயிற்சி எனக்கு ஒத்துவரவில்லை, கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிதான் வருகிறது என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை, குறித்துக்கொண்டு கண் திறந்தபடி செய்யும் வேறொன்றுக்கு மாற்றினார். பிடிக்காததைச் சொல்லலாம். ஆளே ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரிடம் போகவும் செய்யலாம், அவரே சொன்னதுதான்.

மறுபடி அதே தாள். 10. இன்னும் நடுத்தரத்துக்குள்தான். மூன்று மணி விழிப்பு வாரத்தில் சில நாள்தான் வருகிறது. என் பாலிசியில் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம். இது முழுக்கக் கைக்காசு. அதனால் வாரம் ஒருமுறையை இருவாரத்துக்கு ஒருமுறை ஆக்கலாமா என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்.

ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் குரலைத் தாழ்த்தி, “அவ்வளவு காசு என்னால முடியாதே” என்றார். 14416, டெலி மானஸ், அரசு எண், இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவையும் சொன்னேன்.

எனக்கு அடுத்த இரு வார வேலை, அண்ணனிடம் அந்த ஃபோன் அழைப்பைப் பற்றிப் பேசுவது. எப்படி ஆரம்பிப்பது என்று மேடத்தோடு ஒத்திகை பார்த்தாயிற்று. ஞாயிறு சாப்பிட வரச்சொல்லியிருக்கிறேன்.