கல்லும் வலியும்

வர்ஜீனியா உல்ஃப் 1926-ல் நோயைப் பற்றி எழுதிய கட்டுரையில் தம் பாஷையின் மீது ஒரு குறை சொன்னார். பெருந்துயரங்களை நாடகமாக்கத் தெரிந்த ஆங்கிலம் சாதாரணத் தலைவலிக்கு முன்னால் ஊமையாகிவிடுகிறது என்று. சுமார் அரை நூற்றாண்டு கழித்து, 1975-ல், மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் மெல்ஸாக் ஆஸ்பத்திரிகளுக்கென்று ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார். வலியைச் சொல்லும் 78 வார்த்தைகள், 20 தொகுதிகளில். நோயாளி தனக்குப் பொருந்துவதைத் தேர்ந்து குறிக்கவேண்டும். ஊமைக்குச் செய்த உபகாரம் என்று இதைச் சொல்லலாம்.

தமிழுக்கு இந்த உபகாரம் தேவைப்பட்டிருக்காது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, எரிச்சல், கரிப்பு, முறுக்கல், பிசைதல், விண்விண்ணென்று தெறித்தல், சுருக்கென்று தைத்தல் - கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் கீரை விற்கும் கிழவி இவற்றில் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைக்கமாட்டாள். நம்மிடம் இல்லாதது வார்த்தையல்ல, காது. இத்தனையும் சொல்லி முடித்த பிறகு சீட்டில் எழுதப்படுவது 'அப்டமினல் பெயின்' என்ற இரண்டே சொற்கள். நம் வீடுகளும் இதில் சளைத்தவையல்ல. அங்கே எல்லா வலிக்கும் 'வாயு' என்று பெயர்; இப்போது 'கேஸ்'.

இது பாஷையைப் பற்றிய வெறும் குறையல்ல. குடல் பிழைப்பதும் கறுப்பதும் ஒரு வினைச்சொல்லைக் கவனித்ததைப் பொறுத்து அமைந்ததை நான் பார்க்க நேர்ந்தது.

முதலில் அம்மாவின் வலியைச் சொல்லவேண்டும். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். 1994-ல் செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பையை எடுத்தார்கள். அதற்கு முன் மூன்று வருஷம் அவள் அந்த வலியோடு குடித்தனம் நடத்தினாள். வறுத்தது பொரித்தது சாப்பிட்ட இரவுகளில், பெரும்பாலும் எல்லோரும் தூங்கிய பிறகு, வரும். "வலது விலாவுக்கு அடியில கட்டையக் குடுத்து நெம்பறாப்பல இருக்குடா" என்பாள். நெம்புகிற கட்டை விட்டு விட்டு நெம்புவதில்லை. வைத்தது வைத்தபடி ஒன்று இரண்டு மணி நேரம் நிற்கும். வலது தோள்பட்டை எலும்புக்கு அடியில் ஒரு கிளை போகும். உட்கார்ந்தாலும் படுத்தாலும் கொள்ளாது. கூடத்துக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருப்பாள். ஏப்பம் விட்டாலும் கொல்லைக்குப் போய்வந்தாலும் குறையாது. பிறகு, வந்தது போலவே, தானாக அடங்கிவிடும்.

வைத்திய நூல்கள் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். பித்தப்பை வலியை அவை வெட்டு வலி என்ற வகையில் சேர்த்திருப்பது ஒரு பழைய பிழை. அது அலையாக வருவதில்லை. ஏறி, உச்சியில் நின்று, இறங்குவது. அரை மணியிலிருந்து சில மணி நேரம் வரை. ஆறு மணியைத் தாண்டி நீடித்துக் காய்ச்சலும் சேர்ந்தால் பை அழற்சி கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது வலது விலாவின் கீழ் விரலை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால் பாதியில் மூச்சு நின்றுவிடும். சிகாகோவின் ஜான் மர்ஃபி கண்டுசொன்ன குறி இது. இன்றும் செலவில்லாத சோதனை. கண் மஞ்சளாகி, மூத்திரம் கறுத்து, மலம் வெளுத்தால் கல் குழாயில் இறங்கிவிட்டது. வலி பட்டை கட்டியது போல் முதுகைச் சுற்றினால் கணையத்தையும் பார்க்கவேண்டும்.

இனி தங்கை. அவளுக்கு வயது நாற்பத்துமூன்று. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய், எடை நூற்றுப் பத்து கிலோவைத் தாண்டி, முழங்கால் படியேற மறுத்த பிறகு, 2023 பிப்ரவரியில் சென்னையில் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டாள். ரூ-ஆன்-ஒய் பைபாஸ் என்கிற வகை. ரூ என்பது லோஸான் நகரத்து சர்ஜன் ஸேஸர் ரூவின் பெயர்; ஒய் என்பது குடலைத் தைத்த வடிவம். இரைப்பையின் மேல் நுனியை ஒரு சின்னப் பையாகப் பிரித்துவிடுகிறார்கள். சிறுகுடலை ஓரிடத்தில் அறுத்து, கீழ்முனையை மேலே இழுத்துவந்து அந்தப் பையில் தைக்கிறார்கள். பழைய இரைப்பையும் பித்தமும் கணைய நீரும் வருகிற கிளை, சாப்பாடு போகாத பக்கவழியாக, கீழே போய்ச் சேர்ந்துகொள்கிறது. வயிற்றுக்குள் புதிதாக ஓர் ஊரே போடுகிறார்கள் என்றுதான் சொல்லவேண்டும். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அங்கே வழி தேடுகிறவன் தொலைந்துபோவான்.

பதினோரு மாதத்தில் முப்பத்தெட்டு கிலோ குறைந்தாள். இப்படி வேகமாக இளைக்கிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாவது சாதாரணம். கரைகிற கொழுப்பிலிருந்து கொலஸ்டிரால் பித்தத்தில் வந்து சேர்கிறது. எண்ணெயில்லாத சிறு உணவால் பை சுருங்கி விரியும் வேலை குறைந்து, பித்தம் தேங்குகிறது. 1995-ல் அமெரிக்காவில் ஷுகர்மன் குழுவினர் வெளியிட்ட பரிசோதனையில், பைபாஸுக்குப் பிறகு வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கு ஆறு மாதத்துக்குள் கல் வந்தது. தினம் 600 மில்லிகிராம் அர்ஸோடீஆக்ஸிகோலிக் அமிலம் சாப்பிட்டவர்களில் 2 பேருக்குத்தான். தங்கைக்கும் அந்த மாத்திரை ஆறு மாதத்துக்கு எழுதித் தந்திருந்தார்கள். விலையைப் பார்த்து மூன்றாம் மாதம் நிறுத்திவிட்டாள். ஆகவே கல் இருந்தது. இதில் சந்தேகமில்லை.

2024 ஜனவரி 17, காணும் பொங்கல். மத்தியானம் நெய் போட்ட வெண்பொங்கல் நாலு வாய், பாதி வடை. ராத்திரி எட்டு மணிக்கு வலி. ஜி.எஸ்.டி. ரோட்டில் உள்ள ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பன்னிரண்டு மணி நேரமாக ட்யூட்டியில் இருந்த இளம் டாக்டர், கண் சிவந்திருந்தது. ஆபரேஷன் விவரத்தைச் சொன்னாள். ஒரு வரி எழுதிக்கொண்டார். ஸ்கேனில் கல் தெரிந்தது. ஐந்தாறு, சிறியவை. பித்தப்பை வலிதான், ஊசி போட்டுக்கொண்டு போங்கள், ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம் என்றார்.

அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மருத்துவக் கல்லூரிகளில் ஆங்கிலத்தில் ஒரு மனப்பாடம் உண்டு: தடித்த, நாற்பது வயதான, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வயிற்றுவலி என்றால் பித்தப்பையை நினை. மோனைக்காகப் பண்ணிய வாய்பாடு அது. மோனையுள்ள எதையும் மூளை லேசில் விடாது. அதன்மேல் நெய்ப்பொங்கல் வேறு. அதன்மேல் ஸ்கேனில் கல். கதை முழுமையாக இருந்தது. இவ்வளவு முழுமையான கதையைச் சந்தேகிக்கத் தனியான புத்தி வேண்டும். விமர்சனத்தில் தினம் நடப்பதுதான் இது: பிரதியில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு குறியீடு கிடைத்துவிட்டால் பிறகு வாசிப்பதை நிறுத்திவிடுகிறோம். உடம்பில் கல் இருப்பது ஒரு சான்று. அது காரணமாக இருந்தாகவேண்டும் என்பதில்லை. பித்தப்பையில் கல்லோடு ஆயுள் முழுக்க வலியே இல்லாமல் இருந்து சாகிறவர்கள்தாம் பெரும்பான்மை.

தங்கை கட்டிலில் சுருண்டு படுத்தபடி சொன்னாள்: "இது கல்லு வலி இல்லண்ணா. அம்மா வலிய நான் பாத்திருக்கேன். அம்மா நடப்பா. என்னால நிமிரவே முடியல. முறுக்கிப் பிழியுது, விடுது, மறுபடி முறுக்குது. இடப்பக்கம், முதுகு வரைக்கும் போவுது."

இந்த 'முறுக்குது' சீட்டில் இல்லை.

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் ஃபைலில் ராத்திரி அழைக்கவென்று ஒரு நம்பர் இருந்தது. அழைத்தேன். பேசிய சர்ஜன் என்னிடம் இரண்டு கேள்விக்கு மேல் கேட்கவில்லை. போனை அவளிடம் கொடுக்கச் சொன்னார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, உடனே வரச் சொன்னார்.

காணும் பொங்கல் ராத்திரி ஜி.எஸ்.டி. ரோட்டில் சென்னை நோக்கிப் போவது என்றால் என்ன என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஊருக்குப் போன ஜனமெல்லாம் ஒரே ராத்திரியில் திரும்புகிறது. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஊரப்பாக்கத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஆம்புலன்ஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு முறுக்குக்கும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வாந்தி இல்லை. அதனால் ஆபத்தில்லை என்று நான் நினைக்கக்கூடும் என்றோ என்னவோ, சர்ஜன் போனிலேயே சொல்லியிருந்தார்: பைபாஸ் ஆனவர்களுக்குக் குடல் அடைத்தாலும் வாந்தி வராமல் இருக்கலாம், அடைப்பு அந்தப் பக்கவழியில் இருந்தால்.

சி.டி. ஸ்கேனில் குடலைத் தாங்கும் சவ்வின் ரத்தக்குழாய்கள் ஒரு சுழியாகச் சுற்றியிருந்தன. உள்-குடலிறக்கம். குடலை மேலே இழுத்துத் தைக்கும்போது சவ்வுகளுக்கிடையே சந்துகள் உண்டாகின்றன. அவற்றைத் தைத்து மூடினாலும், ஆள் இளைக்க இளைக்கச் சவ்வின் கொழுப்பும் கரைந்து சந்து அகலப்படுகிறது. அதில் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்கிறது. ஒரு சந்துக்கு ஜெர்மானிய சர்ஜன் பீட்டர்ஸனின் பெயர். எடைக் குறைப்பு ஆபரேஷன் என்ற ஒன்றே இல்லாத 1900-ல், வேறொரு இரைப்பை ஆபரேஷனுக்குப் பிறகு நேர்வதாக அவர் இதை விவரித்திருக்கிறார். ராத்திரி மூன்று மணிக்குத் துளை வழியாகவே உள்ளே போனார்கள். குடல் கறுக்கத் தொடங்கியிருந்தது. பிரித்துவிட்டதும் நிறம் திரும்பியது. சந்துகளைத் தைத்தார்கள். பித்தப்பையை அன்று தொடவில்லை.

பிறகு அந்த சர்ஜனோடு பேசியதிலும் படித்ததிலும் தெரிந்துகொண்டவற்றைச் சொல்லிவைக்கிறேன். பைபாஸுக்குப் பிறகு வரும் வலிகள் ஒரு ஜாதி அல்ல. முதல் சில நாட்களில் பயப்படவேண்டியது தையல் கசிவு. அங்கே வலியைவிட நாடி முக்கியம். காரணமில்லாமல் 120-ஐத் தாண்டி ஓடுகிற நாடி, இடது தோளில் வலி, மூச்சிறைப்பு. ஒன்றிரண்டு மாதத்தில் சாப்பாடு இறங்காமல் எதிர்க்களித்து வாந்தி என்றால் இணைப்பு சுருங்கியிருக்கலாம். சாப்பிட்டதும் நடு வயிற்றில் எரிந்தால் இணைப்பில் புண். சிகரெட்டும், மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரைகளும் அதற்கு உரம். இனிப்பு தின்ற அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிடித்து பேதி - அது டம்ப்பிங், பயமுறுத்துமே தவிரக் கொல்லாது. மாதங்கள் கழித்து, நன்றாக இளைத்த பின், விட்டு விட்டு முறுக்கும் வலி வந்தால், ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே பார்த்துவிடுவதுதான் விவேகம். ஏனென்றால் சில சமயம் குடல் தானே நழுவி வெளியே வந்துவிடும்; படத்தில் ஒன்றும் இராது; அடுத்த முறை வராது. இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. உண்மையாகவே கல் வலியால் துடிக்கிறவளிடம், ஆபரேஷன் பண்ணிக்கொண்டாயல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்புவது. கல் குழாயில் இறங்கிய பிறகு, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் வழக்கமான வழி பைபாஸ் ஆனவர்களுக்கு எளிதில் எட்டாது. தாமதத்துக்கு அங்கே விலை அதிகம்.

நாவுக்கரசருக்கு வந்த சூலை எது என்று இன்றைய வைத்தியப் பெயர் சூட்ட முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். வீண் வேலை. ஆனால் பெரியபுராணக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: சமணப் பள்ளியில் யாராலும் தீர்க்க முடியாத வலியோடு அவர் தேடிப்போனது அக்கா திலகவதியை. வலியைச் சொல்ல முதலில் ஒரு உறவு வேண்டியிருக்கிறது.

இந்த உறவுதான் எடைக் குறைப்பு விஷயத்தில் கிடைப்பதில்லை. 2024 ஏப்ரலில் பம்மலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்தார். அரசு விசாரித்தது, ஆஸ்பத்திரியின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அந்த வாரம் நந்திவரத்தில் எங்கள் தெருவில் பேசியது விசாரணையைப் பற்றியல்ல. 'வாயக் கட்டத் தெரியாம வயித்த அறுத்துக்கிறதா' என்பதுதான். தங்கையின் காதில் விழும்படியே சொன்னார்கள். மூன்று மகப்பேறு, பதினைந்து வருஷ சர்க்கரை, தலைமுறையாக வந்த உடல்வாகு - இதெல்லாம் வாயில் அடங்கிவிடுகிறது. விளைவு, ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அதை மறைக்கிறார்கள். நாத்தனாரிடம் மறைப்பதில் நஷ்டமில்லை. டாக்டரிடமும் மறைக்கிறார்கள். வயிற்றில் ஐந்து சிறு தழும்புகள்தான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

தங்கை மறைப்பதில்லை. வலி மறுபடி வரவில்லை. கல் இன்னும் பையில்தான் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். அவள் கைப்பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறாள். ஒரு பக்கம் ஆங்கிலத்தில் ஆபரேஷன் பெயர், தேதி, சர்ஜனின் நம்பர். மறுபக்கம் தமிழில், அவள் கையெழுத்தில், நாலு வரி: 'எனக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறது. அதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வலி முறுக்குகிறதா, அழுத்துகிறதா என்று என்னைக் கேளுங்கள். நான் பேச முடியாமல் இருந்தால் என் அண்ணனைக் கேளுங்கள்.'